யூடியூப் வீடியோவை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி? புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு

மதுரைப் பக்கம் நிறைய பள்ளிகளில் இப்போது ஸ்மார்ட் போர்டோ புரொஜெக்டரோ இருக்கிறது. ஆனால் வீடியோவை ஓடவிட்டு ஆசிரியர் ஓரமாக நின்றுகொண்டால் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். எங்கே நிறுத்துகிறோம், நிறுத்தி என்ன கேட்கிறோம் என்பதில்தான் பாடமே இருக்கிறது. விதை முளைத்தல் பாடத்தை வைத்துப் பார்ப்போம்.

படி 1: வீடியோ தேவைதானா?

மண்ணுக்குள் நடப்பது, மிக மெதுவாக நடப்பது, நாம் போக முடியாத இடத்தில் நடப்பது, இவற்றுக்கு வீடியோ வேண்டும். பக்கத்தில் இருப்பதற்கு வேண்டாம். கீழடி அருங்காட்சியகம் 2023-லிருந்து திறந்திருக்கிறது, மதுரையிலிருந்து கொஞ்ச தூரம்தான். கூட்டிப்போக முடிந்தால் கூட்டிப்போங்கள். அகழாய்வுக் குழி எப்படித் தோண்டப்படுகிறது என்பதை மட்டும் முந்தின நாள் வீடியோவில் காட்டினால் போதும்.

படி 2: தேடி எடுங்கள்

பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் குறியீடு, கல்வித் தொலைக்காட்சி, மணற்கேணி செயலி, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் யூடியூபில் 'விதை முளைத்தல் டைம்லாப்ஸ்' (பல நாள் நடப்பதை வேகமாக ஓட்டிக் காட்டும் வீடியோ) என்று தேடுங்கள். நாலைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வீட்டிலேயே முழுதாக ஒரு தடவை பார்த்து, நிறுத்த வேண்டிய இடங்களின் நிமிடம், நொடியைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: நெட்டும் கருவிகளும்

ஸ்ட்ரீமிங்கில் வீடியோ மொத்தமாக இறங்குவதில்லை, சில நொடித் துண்டுகளாக வந்துகொண்டே இருக்கும். நெட் வேகம் குறைந்தால் யூடியூப் தானாகவே படத்தின் தரத்தைக் குறைக்கும். அதற்கும் போதாதபோதுதான் வட்டம் சுற்றுகிறது. கியர் சின்னத்தைத் தொட்டு 480பி வைத்துவிடுங்கள். நாலு நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 முதல் 50 எம்பிதான் ஆகும், போன் ஹாட்ஸ்பாட்டே தாங்கும். ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து என்ன ஓடும் என்று சொல்ல முடியாது.

டைப்-சி துளை இருக்கிற போன்களில் சில மட்டுமே, புரொஜெக்டரோடு இணைக்கும் எச்டிஎம்ஐ வயரில் படம் அனுப்பும். அதனால் முதல் நாளே மாட்டிப் பாருங்கள். அப்புறம் ஸ்பீக்கர். சீலிங் ஃபேன் ஓடும் அறையில் லேப்டாப் சத்தம் கடைசி பெஞ்சுக்குப் போகாது. நம் ஊர் வெயிலில் திரையும் வெளிறிப்போகும், எதிர் ஜன்னலைச் சாத்துங்கள்.

படி 4: வகுப்பில்

சத்தத்தை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். விளக்கக் குரல் விடையைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் யோசிக்க மாட்டார்கள்.

ஓடவிடுவதற்கு முன்பே ஒரு கேள்வி: "முதலில் வெளியே வருவது வேரா, இலையா?" கை தூக்கச் சொல்லி, இரண்டு பக்கத்து எண்ணிக்கையையும் போர்டில் எழுதுங்கள். இப்போது ஓடவிட்டு, விதையின் தோல் வெடிக்கும் நொடியில் நிறுத்துங்கள். லேப்டாப்பில் 'கே' எழுத்தை அழுத்தினால் நிற்கும், 'ஜே' அழுத்தினால் பத்து நொடி பின்னால் போகும். "இப்போதாவது மாற்றிக்கொள்கிறீர்களா?" என்று கேட்டால் சத்தம் கிளம்பும். கிளம்பட்டும். அதன்பின் ஓடவிட்டால் வெள்ளையாக முளைவேர் எட்டிப்பார்க்கும், சரியாகச் சொன்னவர்கள் துள்ளுவார்கள்.

அடுத்து, தண்டு கொக்கிபோல் வளைந்து விதையிலைகளை மண்ணுக்கு மேலே இழுக்கும் இடம். "ஏன் நேராக வராமல் வளைந்து வருகிறது?" என்று கேளுங்கள். நுனிக் குருத்து மண்ணில் உரசிக் கெடாமல் இருக்கத்தான் என்பதை ஒரு பிள்ளையாவது சொல்லிவிடும். அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்றை அவசியம் கேட்க வேண்டும்: "இதற்கு நிஜத்தில் எத்தனை நாள் ஆகும்?" டைம்லாப்ஸ் பல நாள் வேலையை ஒரு நிமிடத்தில் காட்டுவதால் சிறு பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுகிறார்கள். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பேசவிடுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்த வீடியோவிலும் இருக்காது.

கடைசியில் சத்தத்தோடு ஒரு தடவை முழுதாக ஓடவிடுங்கள்.

படி 5: வீட்டு வேலை

தட்டைப்பயறையும் கொண்டைக்கடலையையும் தனித்தனித் தொட்டியில் போட்டு, தினமும் பார்த்துப் படம் வரையச் சொல்லுங்கள். தட்டைப்பயறின் விதையிலைகள் மேலே வரும், கொண்டைக்கடலையுடையவை மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். இதை முன்கூட்டியே சொல்லாதீர்கள். "டீச்சர், கடலை மட்டும் வீடியோவில் வந்த மாதிரி வரலையே" என்று அவர்களே வந்து கேட்கட்டும். அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.