பைகான் இந்தியாவில் எங்கள் ஸ்டாலை மாற்றியது எப்படி

2009-இல் பெங்களூருவில் தொடங்கிய பைகான் இந்தியா, பைத்தான் என்ற நிரல்மொழிக்காகத் தன்னார்வலர்கள் நடத்தும் மாநாடு. வருபவர்களில் பெரும்பாலோர் நிரல் எழுதுபவர்கள். விளம்பரப் பேச்சு அவர்களிடம் எடுபடாது. நாங்கள் ஸ்பான்சர் செய்தபோது டி-ஷர்ட்டுக்குக் கூட்டம் அலைமோதும், விசிட்டிங் கார்டு குவியும். அப்புறம் மெயில் போட்டால் பதிலே வராது.

அதனால் ஸ்டாலில் நிற்கும் ஆட்களையே மாற்றச் சொன்னேன். தினமும் நிரலில் கைவைக்கும் இன்ஜினியர்கள் இரண்டு பேர் வந்தார்கள். திரையில் விளம்பர வீடியோ கிடையாது. எங்கள் சர்வரைப் பாடாய்ப்படுத்திய மெமரி லீக்கின் (எடுத்த நினைவகத்தை மென்பொருள் திருப்பித் தராத கோளாறு) கிராஃப் மட்டும், ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடு. "கேஷ்தானே காரணம்?" என்று தற்காலிகச் சேமிப்பை (cache) மனதில் வைத்துக் கேட்டபடி ஒரு பெண் நின்றார். பேச்சு அரை மணி நேரம் ஓடியது. சுற்றி ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

யார் என்ன கேட்டார்கள் என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொண்டோம். பேசிய இன்ஜினியரே அன்று இரவு மெயில் எழுதினார். பதில்கள் வந்தன, கூடவே புதுக் கேள்விகளும்.

டி-ஷர்ட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை மாணவர்களின் பயணச் செலவுக்குக் கொடுத்தோம். இதை அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கடைசி வாரத்தில் கொடுத்தால் ரயில் டிக்கெட் கிடைக்காது.