டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா: திராவிடர் அணி எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் என்கிற கணினிப் போர் விளையாட்டுக்கு டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் பேக் வந்தது 2022 ஏப்ரலில். அதற்கு முன்னால் 2013இல் வந்த தி ஃபர்காட்டன் பேக்கில் மொத்த இந்தியாவுக்கும் சேர்த்து இந்தியன்ஸ் என்று ஒரே அணியைக் கொடுத்திருந்தார்கள். புதிய பேக்கில் அந்த அணி இந்துஸ்தானிகள் ஆனது, கூடவே கூர்ஜரர், வங்காளிகள், திராவிடர் என்று மூன்று அணிகள் வந்தன, ராஜேந்திர சோழனுக்குத் தனி கேம்பெயினும் வந்தது. அன்றிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் எங்கள் கூட்டத்தில் புதிதாகச் சேர்கிற தம்பிகள் அத்தனை பேரும் முதலில் கை வைப்பது திராவிடர் அணியில்தான். வைக்கட்டும், நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் சனிக்கிழமை ராத்திரி கம்பெனி வேலை முடிந்து எட்டுப் பேர் உட்கார்ந்து ஆடும்போது, நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை அதே வரிசையில் இவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

டவுன் சென்டரைச் சும்மா நிறுத்தி வைப்பது, வீடு கட்ட மறப்பது, ஷார்ட்கட் பழகாமல் மௌஸையே நம்பி இருப்பது, இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. பத்து ஆட்டம் தோற்றால் தானாக வந்துவிடும். யாராவது சொல்லிக் கொடுக்காமல் பிடிபடாத விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

இல்லாத நைட்டை நம்பித் திட்டம் போடுவது

பிராங்க்ஸ் அணியை ஆடிப் பழகியவர்கள் காஸில் ஏஜுக்குப் (டார்க், ஃபியூடல், காஸில், இம்பீரியல் என்று ஆட்டத்தில் நான்கு காலகட்டங்கள், இது மூன்றாவது) போனதும் கை தானாக ஸ்டேபிளுக்கு, அதாவது குதிரை லாயத்துக்குப் போகும். அங்கே நைட், அதாவது கனத்த கவசக் குதிரை வீரன், இருக்காது. இந்த நான்கு அணிகளில் எதிலுமே கிடையாது. கூர்ஜரருக்கு ஒட்டகம் இருக்கிறது, ஸ்ரீவம்ச வீரன் இருக்கிறான், அதை வைத்து ஓடி ஆடலாம். இந்துஸ்தானிகளுக்கும் ஒட்டகம் உண்டு. திராவிடருக்கு அந்த ஒட்டகமும் இல்லை. ஸ்டேபிளில் இருப்பது ஸ்கவுட் வரிசை (லேசான குதிரை வீரர்கள்), யானை மட்டும், அந்தக் குதிரைக்கும் கடைசி நிலையான ஹுஸார் வரைக்கும் போகிற வழி இல்லை.

அதனால் இந்த அணியில் உங்கள் வீடு காலாட்படை வருகிற பேரக்ஸ்தான். பேரக்ஸ் ஆராய்ச்சி எல்லாமே பாதி விலை. ஸ்கிர்மிஷர் (எறி ஈட்டிக்காரன்) மற்ற அணிகளில் இருப்பவனைவிட 25 சதவீதம் வேகமாக எறிவான், தங்கமும் கேட்க மாட்டான். காலாள், ஈட்டி, ஸ்கிர்மிஷர் என்று ஃபியூடலிலேயே எதிரியை நெருக்கிக்கொண்டு போக வேண்டிய அணி இது. காஸில் ஏஜில் ஸ்டேபிளுக்கு முன்னால் நின்று யோசிக்கிற ஒவ்வொரு நிமிடமும் எதிரியின் நைட்டுகள் உங்கள் விறகுவெட்டிகளைத் தேடி வந்துகொண்டிருக்கும்.

யானையைத் தனியாக அனுப்புவது

இதுதான் இன்னமும் எனக்கு எரிச்சல் வரவைக்கிற தவறு. ஒருத்தர் செய்தால் அவர் மட்டும் தோற்பதில்லை, நாலு பேர் டீமே கவிழ்ந்துவிடும்.

சமீபத்தில் ஒரு டீம் ஆட்டம். எங்கள் பக்கம் கோபியில் இருந்து ஒரு தம்பி, நல்லா ஆடுவான், பொருளாதாரத்தை எங்களைவிட வேகமாகத் தூக்கிவிடுவான். காஸில் ஏஜ் வந்ததும் இரண்டு ஸ்டேபிள் போட்டு போர் யானையாக இறக்கினான். கவசத்துக்கும் ஆராய்ச்சி போட்டுவிட்டான். ஒரு பெரிய கூட்டமாகச் சேர்ந்ததும் அத்தனையையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து எதிரி டவுன் சென்டர் மேல் ஒரு கிளிக். அப்புறம் தன் வயலைப் பார்க்கப் போய்விட்டான். எதிரே இருந்தது ஆஸ்டெக். ஆஸ்டெக்குக்கு ஸ்டேபிளே கிடையாது, அதனால் யானை வருகிறது என்று தெரிந்த உடனே அவர்கள் செய்கிற முதல் காரியம் மாங்க் (ஓதியே எதிரி வீரனைத் தன் பக்கம் மாற்றுகிற துறவி) இறக்குவதுதான், அதுவும் மடத்தில், அதாவது மொனாஸ்டரியில், போடுகிற ஆராய்ச்சி ஒவ்வொன்றுக்கும் அவர்களுடைய மாங்குக்கு 5 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) கூடும். கொஞ்ச நேரத்தில் ஹெட்செட்டில் குரல் வந்தது: "ஏனுங்ணா, என்ர யானையெல்லாம் கலர் மாறுதுங்ணா!"

மாறியதோடு நிற்கவில்லை. யானைகள் திரும்பி, வந்த வழியிலேயே எங்கள் பக்கம் நடந்தன. பக்கத்து இடம் என்னுடையது. இப்படிக் கன்வர்ட் ஆன, அதாவது பக்கம் மாறிய யூனிட் அதுவரை வாங்கிய கவசம், அடி எல்லாவற்றையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும் என்பது பலருக்குத் தெரியாது. தம்பி காசு போட்டு வாங்கிய அத்தனை கவசத்தோடும் வந்து என் சுவரை இடித்தன. 2019இல் கோவை தடாகம் பக்கம் பிடித்துக்கொண்டு போன காட்டு யானை சின்னத்தம்பி பிறகு கும்கியாகி மற்ற யானைகளைப் பிடிக்க வந்து நின்றதைப் பார்த்தவர்கள் நாம், யானை பக்கம் மாறினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

எங்கே கோளாறு என்று பார்ப்போம். போர் யானைக்கு 250 ஹெச்பி. அதைப் பார்த்ததும் எதையும் தாங்கும் என்று நினைத்துவிடுகிறோம். மாங்குக்கு அந்த 250 ஒரு பொருட்டே இல்லை, 45 ஹெச்பி ஈட்டிக்காரனை மாற்ற ஆகிற நேரம்தான் யானையை மாற்றவும் ஆகும். மாங்க் ஒருவன் 100 தங்கம், ஒன்பது கட்டம் தள்ளி நின்றே வேலையைத் தொடங்கிவிடுவான், பிளாக் பிரிண்டிங் ஆராய்ச்சி போட்டிருந்தால் பன்னிரண்டு. யானையோ ஆடி அசைந்து வரும். அந்த ஒன்பது கட்டத்தைக் கடப்பதற்குள் ஒன்று போய்விடும், போன யானை பக்கத்து யானையைக் குத்த ஆரம்பிக்கும், மிச்சம் இருப்பவை மாங்கை விட்டுவிட்டு அதோடு மல்லுக்கட்டும், அதற்குள் அடுத்த மாங்க் அடுத்த யானையை எடுத்துவிடுவான். நடுவில் இரண்டு பைக்மேன் (நீள ஈட்டிக்காரன்) வந்தால் அவனுக்கு யானை மேல் தனியாகக் கூடுதல் அடி வேறு.

சரி, யானையே வேண்டாமா? வேண்டும். சும்மா தனியாக அனுப்பாதீங்க, அவ்வளவுதான். நான் செய்வதைச் சொல்கிறேன். யானை கிளம்புவதற்கு முன்னால் நாலைந்து லைட் கேவல்ரி முன்னே போகும். திராவிடர் குதிரை பெரிய சண்டைக்கு ஆகாது, ஆனால் மாங்கைத் துரத்த அது போதும், ஏனென்றால் ஸ்கவுட் வரிசைக்கு மாங்க் மேல் கூடுதல் அடி உண்டு, லேசில் கன்வர்ட்டும் ஆகாது. அதன் பின்னால் ஸ்கிர்மிஷர், பைக்மேன் வந்தால் ஒழிக்க. பக்கவாட்டில் காலாள். இத்தனைக்கும் பின்னால்தான் யானை. இப்படிப் போனால் எதிரி மாங்கைக் காப்பாற்றவே ஓடிக்கொண்டிருப்பான்.

அப்படியும் ஒரு யானை மேல் ஓதத் தொடங்கிவிட்டானா, டெலீட் கீயில் விரல் தயாராக இருக்கட்டும். அந்த மாங்கைக் கொல்ல முடியாது, யானையைப் பின்னால் இழுக்கவும் நேரமில்லை என்று தெரிந்தால் அந்த யானையை நீங்களே அழித்துவிடுங்கள். தம்பிகளுக்கு இதற்கு மனசே வருவதில்லை. அத்தனை உணவும் தங்கமும் போட்டதை எப்படிங்ணா அழிக்கிறது என்று கேட்கிறார்கள். அழித்தால் ஒரு யானை நஷ்டம். விட்டால் உங்களுக்கு ஒன்று குறைந்து அவனுக்கு ஒன்று கூடும், இரண்டு யானைக் கணக்கு. கன்வர்ட் ஆகிற யூனிட் பக்கம் மாறாமல் செத்துவிடும்படி செய்கிற ஹெரசி ஆராய்ச்சிக்கு 1000 தங்கம், அதைப் போட எல்லா அணிக்கும் எல்லா நேரத்திலும் வசதி இருக்காது. டெலீட் கீ இலவசம்.

இன்னொன்று, அடிபட்ட யானையைச் சாகும்வரை முன்னால் நிறுத்தாதீங்க. மெடிக்கல் கோர் என்று திராவிடருக்கே உரிய ஆராய்ச்சி ஒன்று காஸில் கட்டிடத்தில் இருக்கிறது. போட்டுவிட்டால் யானைகள் தானாக உடம்பு தேறும். பின்னால் இழுத்து ஓரமாக நிறுத்தி வைத்தால் அடுத்த சண்டைக்கு ஆகும். அதைப் போட்டுவிட்டும் இழுக்காமல் சாகவிட்டால் போட்ட காசு வீண்.

யானையைத்தான் ஆடுவேன் என்று பிடிவாதமாக இருந்தால் வங்காளிகளை எடுங்கள். அவர்களுடைய யானைக்குக் கன்வர்ஷனைத் தாங்குகிற சக்தி கொஞ்சம் கூடுதல், பைக்மேன் குத்தினாலும் அந்தத் தனி அடி 25 சதவீதம் குறைவு. அவர்களுக்கும் கூட ஆள் இல்லாமல் அனுப்பச் சொல்லவில்லை.

கவச யானையை ரேம் மாதிரி ஓட்டுவது

கட்டிடங்களை இடிக்கிற ரேம் வண்டிக்குப் பதிலாக இந்த அணிகளுக்கு வந்தது என்பதால் கவச யானையை ரேம் என்றே நினைத்துவிடுகிறார்கள். ரேமுக்குள் ஆட்களை ஏற்றி வேகமாக ஓட்டலாம், இதில் ஏற்ற முடியாது. பைக்மேன் ரேமைக் குத்தினால் பெரிதாகக் கவலை இல்லை, இது யானை என்பதால் தனி அடி விழும். மாங்க் ரேமைத் தொட வேண்டுமானால் ரிடெம்ப்ஷன் ஆராய்ச்சி வேண்டும், இதற்கு அது தேவையில்லை. திராவிடருக்கு முற்றுகைக் கருவிகளில் மரச் செலவு 33 சதவீதம் குறைவு என்று படித்துவிட்டு இதை வரிசையாக இறக்குவதையும் பார்க்கிறேன். கவச யானை கேட்பது உணவும் தங்கமும், மரத்தில் கிடைக்கிற சலுகையால் இதற்கு ஒரு பயனும் இல்லை. அந்தச் சலுகையை மேங்கனெல், ஸ்கார்ப்பியனில் எடுங்கள்.

200 மரத்தைக் கரைப்பது

ஒவ்வொரு ஏஜ் ஏறும்போதும் திராவிடருக்கு 200 மரம் கையில் வந்து விழும். ஒரு ஆர்ச்சரி ரேஞ்சுக்கு 175 மரம். ஃபியூடல் தொடும் நொடியில் அதைக் கட்ட ஒரு வில்லேஜர் அந்த இடத்தில் நிற்க வேண்டும். வயல் போட்டுக் கரைத்துவிட்டு அப்புறம் மரமில்லை என்று புலம்பாதீங்க.

ஊட்ஸ் ஸ்டீலை எல்லாவற்றுக்கும் மருந்தாக நினைப்பது

சென்னிமலை பக்கம் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. அங்கே தோண்டியதில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்திருக்கின்றன. நம்ம ஊர்க்காரன் ஊட்ஸ் ஸ்டீல் (பழைய தென்னிந்திய உருக்கு) என்ற பெயரில் திராவிடருக்கு இருக்கிற இந்த ஆராய்ச்சியைப் பார்த்துச் சந்தோஷப்படாமல் இருக்க முடியாது, நானும் முதன்முதலில் பார்த்தபோது ரொம்பச் சந்தோஷப்பட்டேன். இம்பீரியல் ஏஜில் இதைப் போட்டால் உங்கள் காலாளும் குதிரையும் யானையும் அடிக்கிற அடி எதிரியின் கவசத்தைக் கண்டுகொள்ளாது.

ஆனால் கவசம் இருப்பவனிடம்தான் அதற்கு மதிப்பு. எதிரே டியூட்டானிக் நைட், பாலடின் என்று இரும்பு போர்த்தியவர்கள் வந்தால் உடனே போடுங்கள், கண்ணுக்கு எதிரே சரிவார்கள். எதிரி வில்லாளரை மட்டும் இறக்கிக்கொண்டிருந்தால் அவர்களிடம் கழிக்கிற அளவுக்குக் கவசமே இல்லை. அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டியது அவர்களை எட்டிப் பிடிக்க வேகம், அம்பைத் தாங்கக் கவசம். காலாள் வேகத்தைக் கூட்டுகிற ஸ்குயர்ஸ் போட்டீர்களா, பிளாக்ஸ்மித்தில் காலாள் கவசம் முடிந்ததா என்று முதலில் பாருங்கள். பேரக்ஸ் ஆராய்ச்சி பாதி விலைக்குக் கிடைக்கும்போது அதை விட்டுவிட்டு நேராக ஊட்ஸுக்குத் தாவுவதுதான் எனக்குப் புரிவதே இல்லை.

உருமி வீரனை அம்புக்கு முன் ஓடவிடுவது

சுருள்வாள் வீசுகிற இந்த வீரனின் முதல் வீச்சு சுற்றி நிற்கிற எல்லோரையும் வெட்டும், பார்க்கவே கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அந்த வீச்சு தயாராக நேரம் பிடிக்கும், அம்புக்கு அவன் தாங்க மாட்டான். எதிரியும் காலாள் கூட்டமாக வரும்போது இறக்குங்கள். வெட்டிவிட்டுப் பின்வாங்கி, தயாரானதும் திரும்ப விடுங்கள்.

கடல் வரைபடத்தில் வீடாகக் கட்டிக்கொண்டே போவது

திராவிடருக்கு டாக், அதாவது கப்பல் துறை, ஒவ்வொன்றும் வீடு மாதிரியே 5 பேருக்கு இடம் தரும், கூட ஆடுபவர்களுக்கும் சேர்த்து.

கூர்ஜரர் எடுத்துவிட்டு ஆட்டை உடனே அறுப்பது

மில்லுக்குள் விடுங்கள். உணவு தானாக வந்துகொண்டிருக்கும்.

திரிசடைக்காகக் காத்திருப்பது

1025இல் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய ராஜேந்திர சோழனின் அணி என்பதால் கடலில் இறங்கினால் ஜெயம் என்று ஒரு நம்பிக்கை. திரிசடை பெரிய கப்பல்தான், ஒரே நேரத்தில் பல அம்பு விடும், சுலபத்தில் மூழ்காது. ஆனால் அது வருவது இம்பீரியல் ஏஜில். கடல் ஆட்டத்தில் பாதிக்கு மேல் ஃபியூடலிலேயே முடிவாகிவிடுகிறது. இந்த அணிக்கு மீன்பிடியில் 15 கூடுதலாகச் சுமக்கிற வசதி இருக்கிறது, ஆரம்பத்திலேயே மீன்பிடிப் படகுகளைப் போட்டு அந்த உணவில் முன்னால் ஏறி, கேலி என்கிற போர்க்கப்பலை இறக்கித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளுங்கள். திரிசடைக்கு என்று தங்கத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தால், இம்பீரியல் வரும்போது அதை இறக்க உங்களிடம் ஒரு டாக்கூட மிஞ்சியிருக்காது.