ட்சுகிஜி வெளிச்சந்தையில் சாப்பிடுவது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். டோக்கியோவின் ட்சுகிஜியில் இருந்த மொத்த மீன் சந்தை 2018 அக்டோபரில் டோயோசுவுக்கு இடம் மாறிவிட்டது. சூரை மீன் ஏலம் நடப்பதும் அங்கேதான். பழைய சந்தையை ஒட்டியிருந்த சில்லறைக் கடைகளும் தின்பண்டக் கடைகளும் மட்டும் ட்சுகிஜியிலேயே தங்கிவிட்டன. 'ஜோகாய்' என்கிற வெளிச்சந்தை இதுதான். ஏலம் பார்க்கும் ஆசையில் விடிகாலையில் இங்கே வந்து நிற்காதீர்கள்.

படி 1: நாளும் நேரமும்

ஞாயிறு, அரசு விடுமுறை நாட்கள், சில புதன்கிழமைகள் ஆகியவற்றில் பல கடைகள் திறப்பதில்லை. எந்தப் புதன் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். சந்தையின் இணையதளத்தில் நாட்காட்டி இருக்கிறது, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காலை 9 மணி வரை உணவகக்காரர்கள் கொள்முதல் செய்யும் நேரம் என்பதால், சுற்றுலாப் பயணிகளை அதற்குப் பிறகு வரச்சொல்லி சந்தைக்காரர்களே கேட்டுக்கொள்கிறார்கள். மதியம் 2 மணிக்குள் பெரும்பாலான கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். 9 மணிக்குப் போய் 11 மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது, அதற்குப் பிறகு சந்துகளில் நகரவே முடியாது. ஓயேதோ ரயில் தடத்தில் ட்சுகிஜிஷிஜோ நிலையத்தின் ஏ1 வாசல், ஹிபியா தடத்தில் ட்சுகிஜி நிலையம், இரண்டுமே பக்கம்தான்.

படி 2: கையில் என்ன இருக்க வேண்டும்

ரொக்கம். சின்னக் கடைகளில் அட்டை செல்லும் என்று நம்பிப் போக வேண்டாம். 1,000 யென் தாள்களும் 100, 500 யென் நாணயங்களும் இருந்தால் வரிசை சீக்கிரம் நகரும். நாலைந்து சின்னப் பண்டங்களும் ஒரு கிண்ணச் சோறும் என்றால் ஆளுக்கு 5,000 யென் அளவுக்கு ஒதுக்குங்கள். ஈரத் துடைப்பான் கட்டாயம். விடுதியில் காலை உணவைத் தொட வேண்டாம்.

படி 3: வாங்கிய இடத்திலேயே நின்று சாப்பிடுங்கள்

கையில் குச்சியோடு நடந்துகொண்டே சாப்பிடுவதை இங்கே விரும்புவதில்லை. சந்து குறுகல், யார் சட்டையிலாவது சாறு தெறிக்கும். கடை முன்னால் ஓரமாக நின்று முடித்துவிட்டு, குச்சியையும் தட்டையும் அதே கடையில் திருப்பிக் கொடுங்கள். பொதுக் குப்பைத்தொட்டியைத் தேடினால் கிடைப்பது கடினம். ஒரு கடையின் குப்பையை இன்னொரு கடையில் நீட்டினால் முகம் சுளிப்பார்கள். கேட்பதற்கு ஒரு வாக்கியம் போதும்: பண்டத்தைக் காட்டி "கொரே ஹிதொட்சு குதசாய்", அதாவது இதில் ஒன்று கொடுங்கள்.

படி 4: எதற்குப் பின் எது

புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். கண்ணில் முதலில் படுகிற வெண்ணெய் வழியும் சிப்பியையோ மாட்டிறைச்சிக் குச்சியையோ வாங்கிவிடுவார்கள். கொழுப்பு நாக்கில் படிந்த பிறகு பச்சை மீனின் மெல்லிய சுவை தெரியவே தெரியாது. அதனால் பச்சை முதலில், சுட்டது பிறகு, இனிப்பு கடைசியில்.

சூரை மீனில் தொடங்குங்கள். சிவந்த 'அகாமி', நடுத்தரக் கொழுப்புள்ள 'சூதோரோ', வயிற்றுப்பகுதியான 'ஓதோரோ' என்று மூன்றும் ஒரே தட்டில் கிடைத்தால், இதே வரிசையில் சாப்பிடுங்கள். ஓதோரோவை முதலில் தின்றால் அகாமி சப்பென்றிருக்கும். சோயா சாஸில் மீனின் ஒரு முனை நனைந்தால் போதும். வசாபி என்கிற காரமான பச்சை விழுதை அரிசி மணி அளவு மீன்மேல் வையுங்கள்.

அடுத்து 'ஊனி', கடல் முள்ளெலி. விலை அதிகம், ஆளுக்கு ஒரு வாய் போதும். கசப்பாக இருந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. உருக்குலையாமல் இருக்கப் படிகாரம் சேர்ப்பதுண்டு, கசப்பு அதனால் வரலாம். நல்ல ஊனி இனிக்கும்.

பிறகு சுட்டவை. 'ஹோதாதே' சிப்பியை ஓட்டிலேயே வைத்து, சோயாவும் வெண்ணெயும் விட்டுச் சுடுவார்கள். ஓட்டில் நிற்கும் சாறு கொதிநிலையில் இருக்கும், உடனே உறிஞ்சினால் நாக்கு வெந்துவிடும். பச்சைச் சிப்பி பழக்கமில்லாதவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் சுட்டதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விலாங்குக் குச்சியும் இந்தக் கட்டத்துக்கு உரியது.

குச்சியில் செருகிய முட்டை ரோல், 'தமாகோயாகி', கிட்டத்தட்ட இனிப்புதான். டோக்கியோ பாணியில் சர்க்கரை தூக்கலாக இருக்கும். முட்டை மட்டும் சாப்பிடுகிற சைவர்கள் கவனிக்க: இதில் மீன் சாறான 'தாஷி' கலந்திருக்கும். முழு ஸ்ட்ராபெரி வைத்த 'தைஃபுகு' மோச்சியோடு, அதாவது பசையான அரிசிமாவு உருண்டையோடு, முடிக்கலாம். மோச்சியைச் சின்னச் சின்னதாகக் கடியுங்கள், தொண்டையில் ஒட்டும்.

படி 5: கிண்ணச் சோறு வேண்டுமென்றால்

சோற்றின்மேல் பச்சை மீன் அடுக்கிய 'கைசென்தோன்' சாப்பிட உட்காருவதாக இருந்தால், பச்சை மீனுக்குப் பிறகு, சுட்டவைக்கு முன். சோற்றின் அளவைக் குறைக்க "கோஹான் சுகுனாமே" என்று சொல்லுங்கள். பத்து வகை மீன் அடுக்கிய கிண்ணம் படத்துக்கு அழகு, அவ்வளவுதான். இரண்டு மூன்று வகை உள்ளதை வாங்கினால் ஒவ்வொன்றும் தாராளமாக இருக்கும். சோற்றில் ஏற்கெனவே வினிகரும் உப்பும் கலந்திருக்கலாம், சோயாவைக் கொட்டிவிடாதீர்கள்.

படி 6: வீட்டுக்கு

பச்சை மீனைப் பொட்டலமாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். உலர்பொருள்களே சரி: 'நோரி', 'கொம்பு' என்கிற கடற்பாசி வகைகள், 'கட்சுவோபுஷி'. கடைசியில் சொன்னது நம் மாசிக்கருவாட்டுக்குச் சொந்தம். வேகவைத்து, புகையூட்டி உலர்த்திய சூரைவகை மீன். செதுக்கியதை வாங்கினால் பொட்டலம் பிரித்ததும் சீக்கிரம் மணம் போய்விடும், அதனால் சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். கத்திக் கடைகளில் மனம் போனால், விமானத்தில் அதைச் சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.