வீட்டுவழிக் கல்விக்குக் கைகொடுக்கும் பூங்கா நிகழ்ச்சிகள்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் பெற்றோர், அருகிலுள்ள பூங்காக்களும் இயற்கை மையங்களும் கட்டணமின்றி நடத்தும் நிகழ்ச்சிகளை அறிவியல் பாடத்தின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளலாம். பறவை நோக்கல், மரங்களை இனங்காணுதல் போன்றவை வார நாள்களில் பகல் வேளையில் நடந்தால், கூட்டம் குறைவாக இருக்கும் என்பதால் வழிகாட்டியிடம் நிதானமாகக் கேள்வி கேட்க முடியும். அறிவிப்பில் ‘பள்ளிக் குழுக்களுக்கு மட்டும்’ என்றிருந்தாலும் தயங்காமல் விசாரியுங்கள். நான்கைந்து குடும்பங்கள் ஒரே குழுவாகப் பதிவு செய்துகொள்ள இடமுண்டா என்று கேட்பதில் தவறில்லை.

என்னைக் கேட்டால், குளத்து உயிரினங்களை ஆராயும் நிகழ்ச்சிக்கே முதலிடம் தருவேன். வெள்ளைத் தட்டில் ஊற்றிய குளத்து நீரில், தும்பியின் இளம் உயிரி உடலின் பின்முனையிலிருந்து நீரைப் பீய்ச்சிச் சட்டென முன்னே பாய்வதையும், மடித்து வைத்திருந்த கீழுதட்டை நீட்டி இரையைப் பற்றுவதையும் காணும் வாய்ப்பு கிடைத்தால், எந்தப் படமும் அதற்கு ஈடாகாது. வண்ணத்துப்பூச்சியைப் போலக் கூட்டுப்புழுப் பருவம் இல்லாமல், இதே உயிரி நீரைவிட்டு ஏறித் தோலுரித்துச் சிறகு விரிக்கும் என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள்.

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கோடிடாத குறிப்பேடு, ஈரத்தில் மை பரவாதிருக்கப் பேனாவுக்குப் பதிலாகப் பென்சில் ஆகியவை போதும். இடங்கள் குறைவாகவே இருக்கும் என்பதால், பதிவு செய்துவிட்டு வர இயலாதபோது முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். அந்த இடம் வேறொரு குழந்தைக்குக் கிடைக்கும்.