ஊரோரக் காட்டில் ஒரு பகல் நடை: முதல் தடவை போகிறவர்களுக்கு

பஸ் ஹார்ன் கேட்கிற தூரத்தில் இருக்கிற காட்டில் யாராவது வழி தவறுவார்களா என்று நினைத்துத்தான் நானும் முதல் தடவை ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலோடு போனேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய நடை, நாலு மணி நேரம் ஆனது. பெரிய காட்டில் பாதை இல்லாமல் தொலைவார்கள் என்றால், இங்கே பாதை அதிகமாக இருப்பதால் தொலைகிறோம். நாயோடு வருகிறவர்கள், சைக்கிள்காரர்கள், குறுக்கே போகிறவர்கள் எல்லோரும் நடந்து நடந்து ஆளுக்கொரு தடம் போட்டிருப்பார்கள், எது உண்மையான பாதை என்றே தெரியாது. அதனால் கீழே பாதி விஷயம் பாதையைப் பற்றித்தான்.

முதல் படி: வரைபடம்

கிளம்புவதற்கு முதல் நாளே பாருங்கள். கிளம்பிய இடத்துக்கே சுற்றிவந்து சேருகிற 5 அல்லது 6 கிலோமீட்டர் பாதை போதும். வரைபடத்தில் வளைந்து வளைந்து போகும் கோடுகள் உயரத்தைக் காட்டுபவை. அவை நெருக்கமாக இருந்தால் ஏற்றம் செங்குத்து. போனில் அந்தப் பகுதியை வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஏனென்றால் அது செயற்கைக்கோள் அனுப்புவதை வாங்கிக்கொள்வது மட்டும்தான், ஆனால் படம் இறங்கியிருக்காவிட்டால் வெறும் சாம்பல் திரையில் ஒரு நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். நுழைவாயிலில் இருக்கும் பலகையையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அது பல தடவை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

இரண்டாவது: நேரக் கணக்கு

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன கணக்கு இன்றைக்கும் உதவுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் 1 மணி 42 நிமிடம். ஆனால் அவர் நல்ல நடைக்காரர், நிற்காமல் போகிறவர்களுக்கான கணக்கு அது. நாம் மூச்சு வாங்குவோம், பறவை பார்ப்போம். ஒன்றரை மடங்காக்கி இரண்டரை மணி நேரம் என்று வையுங்கள்.

அப்புறம் திரும்பும் நேரம் ஒன்றைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். அந்த நேரம் வந்ததும், எங்கே இருந்தாலும், "அந்த வளைவு வரைக்கும் மட்டும்" என்று மனசு கெஞ்சினாலும், வந்த வழியே திரும்ப வேண்டும். மரத்தடியில் சூரியன் மறைவதற்கு முன்னாலேயே இருட்டிவிடும்.

மூன்றாவது: பை

மணிக்கு அரை லிட்டர் தண்ணீர், வெயில் என்றால் கூடுதலாக. கொறிக்க ஏதாவது, மழைக்கோட்டு, பிளாஸ்திரி, விசில், தனியாக ஒரு சின்ன டார்ச் (போன் டார்ச்சை நம்பினால் வரைபடமும் வெளிச்சமும் சேர்ந்து அணையும்). பருத்தித் துணி நனைந்தால் சீக்கிரம் காயாது, குளிர் நாளில் ஜீன்ஸ் வேண்டாம். விலை உயர்ந்த பூட்ஸ் அவசியமில்லை, அடியில் பிடிமானம் தேயாத பழகிய ஷூ போதும். புது ஷூவை மட்டும் அன்றைக்குப் போடாதீர்கள்.

நான்காவது: நடை

மரங்களில் வண்ணக் குறிகள் இருக்கும், ஒரு பாதைக்கு ஒரு நிறம். பல இடங்களில் ஒற்றைக் குறி என்றால் நேரே போ, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு என்றால் திருப்பம் வருகிறது, கவனி. என் தவறு எங்கே நடந்தது என்றால், இரண்டு குறியைப் பார்த்தும் பேச்சு சுவாரசியத்தில் அகலமான பாதையிலேயே போய்விட்டேன். அகலமான பாதைதான் சரியான பாதை என்று கால்கள் தானாகவே நம்பிவிடும்.

ஐந்து நிமிடமாகக் குறியே கண்ணில் படவில்லையா? முன்னால் தேடாதீர்கள், கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு பிரிவிலும் நின்று ஒரு தடவை பின்னால் பாருங்கள், திரும்பி வரும்போது அதே இடம் வேறு மாதிரி தெரியும்.

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். இறக்கத்தில் சின்னச் சின்ன அடி. குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்தால் அப்போதே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டுங்கள், கொப்புளம் வரும் வரை காத்திருக்காதீர்கள்.

நிஜமாகவே தொலைந்துவிட்டால் நில்லுங்கள். நிமிடத்துக்கு ஆறு விசில், பிறகு ஒரு நிமிடம் அமைதி, மறுபடியும் ஆறு. மலைப்பகுதிகளில் இது உதவி கேட்கும் அடையாளம்.

கடைசியாக: வீட்டில்

முழங்காலின் பின்புறம், இடுப்பு, காதுமடல், முடியோரம் எல்லாம் தடவிப் பாருங்கள், உண்ணி ஒட்டியிருக்கலாம். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம், சின்ன இடுக்கியால் (ட்வீசர்) தோலை ஒட்டினாற்போல் உண்ணியைப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும்.

எந்தப் பாதை, எத்தனை மணிக்கு வருவேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பீர்கள் அல்லவா, அவருக்கு முதலில் மெசேஜ் போடுங்கள். நான் வந்த களைப்பில் மறந்து தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் பதினோரு மிஸ்டு கால்.