சோர்ஸ் தொலைஞ்ச ஜார் ஃபைல்ல இருந்து ஜாவா கோடு எடுக்கறது எப்படி: டெர்மினல்லயே, சிஎஃப்ஆர் வச்சு

பழைய பில்லிங் ஜார் (கம்பைல் ஆன ஜாவா கிளாஸ்களை ஒண்ணா அடைச்ச ஃபைல்) ஒண்ணு சர்வர்ல வருஷக்கணக்கா ஓடிட்டே இருக்கும், எழுதினவர் வேலைய விட்டுப் போயிருப்பாரு, கிட்ல தேடினா சோர்ஸ் இருக்காது, ஆனா வரிக் கணக்குல ஒரு மாத்தம் உடனே வேணும்னு கேப்பாங்க. எங்க ஆபீஸ்ல இதே நிலைமை வந்தப்போ கமாண்ட் லைன்லயே வேலைய முடிச்சேன், அதைத்தான் இங்க எழுதறேன். உங்க கம்பெனியோட ஜார், இல்ல உங்களுக்கு உரிமை இருக்கற ஜார்ல மட்டும் இதைச் செய்யுங்க, அடுத்தவங்க சாஃப்ட்வேர்னா லைசென்ஸை முதல்ல படிங்க.

ஜாவா இன்ஸ்டால் பண்றதை விளக்கப் போறதில்ல. ஆனா ஜாவாவை ஓட்ட மட்டும் உதவற ஜேஆர்இ பத்தாது, டெவலப்பர் டூல் எல்லாம் இருக்கற ஜேடிகே வேணும், ஏன்னா பின்னாடி வர்ற ஜாவாப்-ங்கற டூல் அதுலதான் இருக்கு. கட்டளைகளை தமிழ் எழுத்துல போட்டிருக்கேன், நீங்க டெர்மினல்ல இங்கிலீஷ்ல அடிங்க.

கம்பைல் ஆன கிளாஸைத் திரும்ப ஜாவா கோடா மாத்தற டூலுக்குப் பேர் டீகம்பைலர், அதுல என் சாய்ஸ் சிஎஃப்ஆர். லீ பென்ஃபீல்ட் எழுதினது, ஒரே ஒரு ஜார் ஃபைல், இன்ஸ்டாலேஷன்னு எதுவும் கிடையாது. அவரோட கிட்ஹப் பக்கத்துல இருந்து 0.152 வெர்ஷனை எடுத்துக்கோங்க. டூலையே ஜாவா 6-ல எழுதியிருக்காரு, அதனால பழைய சர்வர்லயும் ஓடும். அது கிளாஸ் ஃபைலை ரன் பண்றதில்ல, வெறும் டேட்டாவா படிக்கும், அதனால ஜாவா 17-ல கம்பைல் ஆன கிளாஸை ஜாவா 8 இருக்கற மெஷின்ல வச்சே பிரிக்கலாம். ஜேடி-ஜியுஐ-ன்னு விண்டோல தொறந்து பாக்கற டீகம்பைலர் ஒண்ணு இருக்கு, பாக்க அழகா இருக்கும், ஆனா எனக்கு அது வேண்டாம், ஏன்னா நூத்துக்கணக்கான ஃபைலை ஒரே மூச்சுல எடுத்து கிரெப் அடிச்சுத் தேடறதுக்கு டெர்மினல்தான் சரி.

சரி, மொதல்ல ஜாரோட ஒரு காப்பி எடுத்து தனி ஃபோல்டர்ல வைங்க, அப்புறம் இது:

ஜாவா -ஜார் சிஎஃப்ஆர்-0.152.ஜார் பில்.ஜார் --அவுட்புட்டிர் சோர்ஸ்

அவ்வளவுதான், சோர்ஸ் ஃபோல்டர்ல பேக்கேஜ் வாரியா ஜாவா ஃபைல்கள் வந்து உக்காரும். கூடவே சம்மரி டெக்ஸ்ட் ஃபைல் ஒண்ணு வரும், அதை யாரும் தொறக்கறதில்ல, நீங்க தொறங்க, எந்த மெத்தடைப் பிரிக்க முடியலன்னு அதுலதான் எழுதியிருக்கும். லைப்ரரி எல்லாம் சேத்து அடைச்ச ஜாரா இருந்தா --ஜார்ஃபில்டர் போட்டு உங்க பேக்கேஜ் பேரை மட்டும் குடுங்க, இல்லன்னா தேவையில்லாத ஆயிரம் கிளாஸும் சேந்து வரும். ஸ்பிரிங் பூட் ஜார்னா முதல்ல ஜார் எக்ஸ்எஃப் போட்டுப் பிரிச்சுட்டு, பூட்-இன்ஃப் உள்ள இருக்கற கிளாசஸ் ஃபோல்டருக்குப் போங்க, நம்ம கோடு அங்கதான் இருக்கும்.

இப்ப முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையா படிங்க. டீகம்பைலர் தர்றது தொலைஞ்ச சோர்ஸ் கிடையாது, அதே வேலையைச் செய்யற இன்னொரு கோடு. கமென்ட் எல்லாம் போயிருக்கும். -ஜி (டீபக் தகவலைச் சேக்கற ஆப்ஷன்) இல்லாம கம்பைல் பண்ணியிருந்தா லோக்கல் வேரியபிள் பேரும் போயிருக்கும், ஸ்ட்ரிங், ஸ்ட்ரிங்2, என், என்2-ன்னு டைப்பைப் பாத்து அதுவா பேர் வைக்கும். வரி விகிதத்தை ஸ்டாட்டிக் ஃபைனலா (மாறாத மதிப்பா) 18-ன்னு ஒருத்தர் எழுதியிருந்தா, ஜாவா கம்பைலர் அதைப் பயன்படுத்தின எல்லா இடத்துலயும் 18-ஐயே நேரா பதிச்சிரும், அதனால மேல ஒரு இடத்துல 18-ஐ மாத்திட்டு வேலை முடிஞ்சதுன்னு போனா பில் பழைய வரியிலயே வரும். அந்த எண்ணைத் தேடி ஒவ்வொண்ணா பாக்கணும், ஆனா எல்லா 18-ம் வரி இல்லங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

அதான் சந்தேகம் வந்தா பைட்கோடை, அதாவது கிளாஸ் ஃபைல் உள்ள கம்பைலர் எழுதி வச்ச கட்டளைகளைப் பாக்கணும்னு சொல்றேன். ஜாவாப் -சி -பி பில்.கிளாஸ்-னு அடிச்சா வரும், -பி போட்டாதான் பிரைவேட் மெத்தடும் தெரியும். இங்கதான் நான் ரொம்ப நேரம் நின்னேன். உள் கிளாஸ் ஃபைலோட பேர்ல டாலர் குறி இருக்கும், பில்$ஐட்டம்.கிளாஸ் மாதிரி. லினக்ஸ்ல அதை அப்படியே அடிச்சா ஷெல் $ஐட்டம்ங்கறதை வேரியபிள்னு எடுத்துக்கிட்டு, அப்படி ஒண்ணு இல்லாததால காலியாக்கிரும், மிச்சம் நிக்கறது பில்.கிளாஸ். எரர் எதுவும் வராது! ஏன்னா பில்.கிளாஸ் நெஜமாவே பக்கத்துல இருக்கு, ஜாவாப் அதைத் தொறந்து காட்டும், நம்ம தேடற மெத்தட் ஏன் இல்லன்னு முழிச்சிட்டு இருப்போம். பேரு இல்லாத கிளாஸுக்கு வர்ற பில்$1.கிளாஸுக்கும் இதே கதைதான். ஒத்தை மேற்கோள் குறி போடுங்க:

ஜாவாப் -சி -பி 'பில்$ஐட்டம்.கிளாஸ்'

ரெட்டை மேற்கோள் உதவாது, அதுக்குள்ளயும் ஷெல் டாலரை விரிச்சிரும். பவர்ஷெல்லயும் ஒத்தை மேற்கோள்தான். சிஎஃப்ஆர்ல இந்தத் தொல்லை கம்மி, வெளி கிளாஸைக் குடுத்தா அதே ஃபோல்டர்ல இருக்கற உள் கிளாஸையும் சேத்தே பிரிச்சுத் தந்திரும்.

சில மெத்தட்ல சிஎஃப்ஆர் முழுசா அடுக்க முடியலன்னு கமென்ட் போட்டு கோட்டூ-வோட விட்டிரும், அது கம்பைல் ஆகாது. அந்த ஒரு கிளாஸை மட்டும் வைன்ஃப்ளவர்ங்கற இன்னொரு டீகம்பைலர்ல போட்டுப் பாருங்க, இன்டெல்லிஜே பயன்படுத்தற ஃபெர்ன்ஃப்ளவர்ல இருந்து பிரிஞ்சு வந்தது அது. ரெண்டு டூலோட கோடையும் பக்கத்துல வச்சுப் பாத்தா பெரும்பாலும் விஷயம் புரிஞ்சிரும். அப்புறம் எல்லாத்தையும் திரும்ப கம்பைல் பண்ணி, பழைய ஜாருக்கும் புது ஜாருக்கும் ஒரே இன்புட் குடுத்து பில்லை ஒப்பிட்டுப் பாக்காம சர்வர்ல ஏத்தாதீங்க.

அப்டேட்: தமிழ் ஸ்ட்ரிங் எல்லாம் குப்பையா வருதுன்னு கமென்ட்ல ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. குப்பை இல்ல, ஒவ்வொரு எழுத்துக்கும் இருக்கற யூனிகோடு எண்தான் அது. 0பி85-ன்னு இருந்தா 'அ'. சிஎஃப்ஆர் ஆஸ்கி (இங்கிலீஷ் எழுத்து, எண், குறி) இல்லாத எழுத்தை எண்ணா மாத்தித்தான் காட்டும், அதான் டிஃபால்ட். --ஹைட்யூடிஎஃப் ஃபால்ஸ்னு கடைசில சேருங்க, விண்டோஸ்னா ஜாவாவுக்கு -டிஃபைல்.என்கோடிங்=யூடிஎஃப்-8 கூட குடுங்க, பில்லுல இருக்கற தமிழ் அப்படியே வரும்.

இன்னொரு அப்டேட்: புரோகார்ட்ங்கற டூல் வச்சு, யாரும் எளிதா படிக்க முடியாதபடி பேர்களைக் குழப்பின ஜார்ல சின்ன ஏ-ன்னு ஒரு கிளாஸும் பெரிய ஏ-ன்னு ஒரு கிளாஸும் இருக்கலாம். விண்டோஸ்லயும் சாதாரண மேக்லயும் ரெண்டும் ஒரே ஃபைல் பேர்தான், அதனால பிரிக்கும்போது ஒண்ணு மேல ஒண்ணு எழுதி பாதி கிளாஸ் காணாம போயிரும். ஜாரைப் பிரிக்காம நேரா சிஎஃப்ஆர்கிட்ட குடுத்து --கேஸ்இன்சென்சிட்டிவ்எஃப்எஸ் ட்ரூ போட்டா அதுவே பேரை மாத்தித் தனித்தனியா எழுதிரும், இல்லன்னா பேசாம லினக்ஸ் மெஷின்ல வச்சு செய்யுங்க.