வீட்டுக் கழிவில் சாண எரிவாயு: வேலூர் வெயில் நமக்குச் சாதகம்

வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி சூடு ரொம்பப் பிடிக்கும், அது வேலூரில் வருஷத்தில் பாதி நாள் சும்மாவே கிடைக்கிறது. அதனால் சாணமும் கழிவும் ஊற்றும் எரிவாயுத் தொட்டியை மர நிழலில் வைக்காதீங்க, வெயில் படும் இடத்தில், கிணற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

முதலில் சாணம்தான். புதுச் சாணத்தையும் தண்ணீரையும் சம அளவில், கல், வைக்கோல் இல்லாமல் கரைத்து ஊற்றி, இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள். முதலில் வரும் வாயு பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, எரியாது, அதைத் திறந்த வெளியில் விட்டுவிட வேண்டும்.

சரி, அப்புறம்தான் சமையல் கழிவு. இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள்: கல்யாண வீட்டில் மீந்த சோற்றை ஒரே நாளில் கொட்டினால் தொட்டி புளித்துப்போகும், எரியும் வாயுவான மீத்தேனைத் தரும் நுண்ணுயிர்கள் அமிலத்தில் செயலிழக்கும், வாயு நின்றுவிடும். தினம் ஒரு கிலோவில் தொடங்கி, அரைத்து, தண்ணீர் கலந்து, மெதுவாகக் கூட்டுங்கள். எலுமிச்சைத் தோல், எலும்பு, முட்டை ஓடு வேண்டாம். புளித்துவிட்டால் சில நாள் உணவை நிறுத்திவிட்டு, சாணக் கரைசல் மட்டும் ஊற்றுங்கள்.

கசிவைச் சோப்பு நுரையால் மட்டும் பாருங்கள், தீக்குச்சியால் ஒருபோதும் வேண்டாம். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் வால்வை மூடி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

மார்கழிக் குளிரில் வாயு குறையும், பயப்படாதீங்க. வெளியேறும் கரைசலை நீர் கலந்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு ஊற்றலாம்.